பதினாலாம் நம்பர் கவர்னர்

காதோடு காதாகச் சொல்ல வேண்டிய சங்கதிதான். ஆனால் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரியும் என்பதால் சத்தமாகவே சொல்லிவிடலாம்: அந்த மாநிலத்தின் கவர்னர் கார் பந்தயம் ஓட்டுகிறவர். கொடியசைத்துத் தொடங்கி வைத்துவிட்டுக் கிளம்புகிற ரகம் இல்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, 14 என்று எண் போட்ட காருக்குள் ஜன்னல் வழியாகக் காலை விட்டு இறங்கி, பக்கத்து வண்டியோடு கதவு உரச ஓட்டுகிறவர். பெயர் ஃபில் ஸ்காட். 2017 ஜனவரியில் பதவியேற்றார். அதே வருஷம் ஜூலையில் ஒரு பந்தயத்தில் ஜெயித்தும் காட்டினார். அப்போது வயது 58!

இந்தக் கவர்னர் டெல்லியிலிருந்து அனுப்பி வைக்கப்படுகிறவர் மாதிரி அல்ல. மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். பட்ஜெட், போலீஸ், சாலை, வரி எல்லாம் அவர் தலையில்தான். நம்மூர்க் கணக்கில் முதல்வர் வேலை. அந்த வேலையில் இருப்பவர் வியாழக்கிழமை சாயங்காலம் பந்தயத் தடத்தில் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்றால் எட்டிப் பார்க்காமல் இருக்க முடியுமா? வாருங்கள்.

முதலில் தடம். பாரி என்ற சிற்றூர். கிரானைட் வெட்டும் ஊர். அமெரிக்கா முழுக்கக் கல்லறைகளுக்குக் கல் அனுப்பியே பேர் வாங்கியது. அந்த ஊரின் குவாரிக் குன்று மேல் ‘தண்டர் ரோடு’. சுற்றளவு கால் மைல்தான், ஆனால் வளைவுகள் கிண்ணத்தின் ஓரம் போல நன்றாகச் சாய்ந்திருக்கும். வானொலிக்காரரும் பந்தய வர்ணனையாளருமான கென் ஸ்க்வையர் 1960-இல் தொடங்கியது. ஊரெல்லாம் சனிக்கிழமை பந்தயம் வைக்கும்போது இங்கே மட்டும் ஏன் வியாழன்? கல் கொட்டகைத் தொழிலாளிகளுக்கு வியாழக்கிழமைதான் சம்பள நாள். பையில் காசு இருக்கும்போதே வளைத்துவிட வேண்டும் என்ற வியாபார சூட்சுமம். ஸ்க்வையருக்கு ஒரு சலாம்.

இங்கே ‘மில்க் பவுல்’ என்று வருடாந்தர பெரிய பந்தயம் ஒன்று உண்டு. ஜெயித்தவர் கோப்பையை வாங்குவதோடு ஒரு பசுமாட்டுக்கு முத்தமும் கொடுக்க வேண்டும். மாநிலத்தின் பால் பண்ணைகளுக்கு மரியாதை! போட்டியை மூன்று பாகமாக ஓட்டுவார்கள். முதல் பாகத்தில் முன்னால் வந்தவர் அடுத்த பாகத்தில் பின்வரிசையிலிருந்து கிளம்ப வேண்டும். மூன்றிலும் பிடித்த இடங்களைக் கூட்டி, கூட்டுத்தொகை யாருக்குக் குறைவோ அவருக்கே வெற்றி. ஒரு பாகத்தில் மட்டும் சீறிப் பாய்ந்து பிரயோஜனமில்லை. ஸ்காட் இதை இரண்டு முறை வென்றவர். போதாததற்கு 1996, 1998 வருஷங்களின் தண்டர் ரோடு சாம்பியன் பட்டமும் உண்டு. அவர் அரசியலைப் பற்றிப் பேசும்போது பந்தய உவமைகளைக் கொட்டிவிடக் கூடாது என்று முடிவோடுதான் உட்கார்ந்தேன். மில்க் பவுல் விதிமுறை அந்த முடிவைக் கொஞ்சம் ஆட்டிப் பார்க்கிறது.

பையன் பாரியில் வளர்ந்தவன். அப்பா இரண்டாம் உலகப் போரில் அடிபட்டு இரண்டு கால்களையும் இழந்தவர். ஸ்காட்டுக்குப் பதினொரு வயதாகும்போது அவர் இறந்துபோனார். மகன் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் தொழிற்கல்வி ஆசிரியர் படிப்பு முடித்தார். ஆனால் வகுப்பறைக்குப் போகாமல் மண் வெட்டுகிற கட்டுமான நிறுவனம் ஒன்றின் பங்குதாரர் ஆனார். 2001-இல் மாநில செனட் உறுப்பினர், 2011-இல் துணை கவர்னர்.

அங்கேதான் முதல் வேடிக்கை. வெர்மான்ட்டில் கவர்னருக்கும் துணை கவர்னருக்கும் தனித்தனித் தேர்தல். மக்கள் 2010-இல் கவர்னராக ஜனநாயகக் கட்சியின் பீட்டர் ஷம்லினைத் தேர்ந்தெடுத்தார்கள், துணைக்குக் குடியரசுக் கட்சியின் ஸ்காட்டை. வேறு ஊராக இருந்தால் இரண்டு அறைக்கும் நடுவே சுவர் எழும்பியிருக்கும். ஷம்லினோ ஸ்காட்டைத் தம் அமைச்சரவைக் கூட்டங்களுக்கே அழைத்து உட்கார வைத்துக்கொண்டார். இவரும் போய் உட்கார்ந்தார். ஆறு வருஷம் எதிர்க்கட்சியின் சமையலறையைப் பக்கத்திலிருந்து பார்த்த மனிதர், அந்த அனுபவத்தோடுதான் 2016-இல் கவர்னர் தேர்தலில் ஜெயித்தார்.

சரி, தலைநகருக்குள் நுழைவோம். மான்ட்பீலியர். அமெரிக்க மாநிலத் தலைநகரங்களிலேயே சின்னது, மக்கள்தொகை எட்டாயிரத்தை ஒட்டி. மெக்டொனால்ட்ஸ் இல்லாத ஒரே தலைநகரமும் இதுதான். தங்கத் தகடு போர்த்திய கும்மட்டம், அதன் உச்சியில் வேளாண்மைத் தேவதை. சட்டமன்றக் கட்டடம் என்னவோ மிடுக்காகத்தான் இருக்கிறது. உள்ளே போனால் 150 பிரதிநிதிகளும் 30 செனட்டர்களும். பெரும்பாலோருக்குத் தனி அறை கிடையாது, உதவியாளர் கிடையாது. அவையில் உள்ள மேஜைதான் அலுவலகம். ஆகவே பேரம், சமாதானம், புகைச்சல் எல்லாவற்றுக்கும் ஒரே இடம் கேன்டீன். தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கும்போது உங்கள் மசோதாவைத் தோற்கடித்தவர் உங்களுக்கு முன்னால் நிற்பார். சாப்பிடாமல் எங்கே போவது?

கவர்னரின் அன்றாட அலுவலகம் பக்கத்துக் கட்டடத்தில், ‘பெவிலியன்’ என்ற பெயரில். ஒருகாலத்தில் சட்டமன்ற உறுப்பினர்கள் தங்கிய ஹோட்டல் இருந்த இடம். அதை இடித்துவிட்டு, அசல் ஹோட்டல் தோற்றத்திலேயே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். கவர்னர் மாளிகை எங்கே என்று தேடாதீர்கள், வெர்மான்ட்டில் அப்படி ஒன்று கிடையாது. ஸ்காட் பக்கத்து ஊரான பெர்லினில் சொந்த வீட்டில் இருக்கிறார். இதன் விளைவை 2023 ஜூலை வெள்ளத்தில் ஊரே பார்த்தது. வீட்டைச் சுற்றியிருந்த சாலைகள் எல்லாம் மூழ்கிப்போயின. அவசரகால மையத்துக்குப் போக வழியில்லை. கவர்னர் பனிக்காலத்தில் ஸ்னோமொபைல் ஓட்டுகிற காட்டுப் பாதையில் இறங்கி நடந்தே வெளியே வந்தார். தலைநகரின் கடைவீதியும் சொந்த ஊரான பாரியும் தண்ணீரில் நின்றன. சரியாக ஒரு வருஷம் கழித்து, 2024-இல் அதே ஜூலை 10, 11 தேதிகளில், மறுபடி வெள்ளம். நாள்காட்டிக்கே வெட்கமில்லை.

இனி பேனா விஷயத்துக்கு வருவோம். இந்த மனிதரின் குணம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

மசோதா ஒன்று மேஜைக்கு வந்தால் கவர்னர் முன்னால் மூன்று வழி: கையெழுத்துப் போடலாம், வீட்டோ போட்டுத் திருப்பலாம், அல்லது பேனாவை மூடி வைத்துவிட்டுச் சும்மா இருக்கலாம். சும்மா இருந்தால் கெடு முடிந்ததும் அது தானாகச் சட்டமாகிவிடும். நம்மாள் மூன்றையும் தாராளமாகப் பயன்படுத்துகிறார். 2018-இல் மட்டும் பாருங்கள்.

ஜனவரியில் கஞ்சா மசோதா. பெரியவர்கள் வீட்டில் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம், இரண்டு செடி வளர்க்கலாம் என்ற சட்டம். பொது வாக்கெடுப்பு இல்லாமல் சட்டமன்றம் வழியாகவே இதைச் செய்த முதல் மாநிலம் வெர்மான்ட். ஊரில் ஆதரவுக்குக் குறைவில்லை. வேறு அரசியல்வாதி என்றால் கேமராக்களைக் கூப்பிட்டுப் பத்துப் பேனாவில் கையெழுத்துப் போட்டு, பேனாக்களைப் பரிசளித்திருப்பார். ஸ்காட் கதவைச் சாத்திக்கொண்டு கையெழுத்திட்டார். மனசு இரண்டுபட்டு நிற்கிறது என்று ஒரு குறிப்பு எழுதி வைத்தார். அவ்வளவுதான்.

பிப்ரவரியில் ஃப்ளோரிடாவின் பார்க்லேண்ட் பள்ளியில் துப்பாக்கிச் சூடு. அதற்கு மறுநாளே வெர்மான்ட்டின் ஃபேர் ஹேவன் ஊரில், பள்ளியில் சுடத் திட்டமிட்டதாக ஓர் இளைஞர் கைதானார். அதுவரை துப்பாக்கிச் சட்டங்களை மாற்றத் தேவையில்லை என்று சொல்லிவந்தவர் ஸ்காட். வேட்டையும் துப்பாக்கியும் அந்த மாநிலத்தின் ரத்தத்தில் ஊறியவை. போலீஸ் ஆவணத்தைப் படித்த பிறகு மனிதர் மாறிவிட்டார். வாங்கும் வயது 21, பின்னணிச் சோதனை விரிவு, தோட்டா மேகசினுக்கு வரம்பு முதலியவை அடங்கிய மூன்று மசோதாக்கள் ஏப்ரலில் தயார்.

இதற்குத்தான் அறைக்குள் ஒளிந்திருக்க வேண்டும்! ஏப்ரல் 11 அன்று சட்டமன்றப் படிக்கட்டில், வெட்டவெளியில், மேஜை போடச் சொன்னார். எதிரே ஆரஞ்சு உடையில் வேட்டைக்காரர்கள். துரோகி என்று கத்தினார்கள். இவருக்கு ஓட்டுப் போட்டவர்கள்தான் அதிகம் அந்தக் கூட்டத்தில். அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசிவிட்டு, உட்கார்ந்து, மூன்றிலும் கையெழுத்துப் போட்டார். கைதட்டல் கிடைக்கும் காரியத்தைக் கதவுக்குப் பின்னால், வசவு கிடைக்கும் காரியத்தைப் படிக்கட்டில். இவரைப் பிடித்தவர்களுக்கு ஏன் பிடித்தது என்பதற்கு என்னிடம் இதைவிடப் பெரிய சாட்சி இல்லை.

விலையும் கொடுத்தார். அந்த ஆண்டு உட்கட்சித் தேர்தலில் காய்கறி பழக்கடைக்காரர் ஒருவர் எதிர்த்து நின்று மூன்றில் ஒரு பங்கு ஓட்டைப் பிடுங்கிவிட்டார். பொதுத்தேர்தலில் ஸ்காட் சுலபமாகத் தப்பினார். அதற்காக எல்லாத் துப்பாக்கி மசோதாவுக்கும் தலையாட்டினார் என்றும் நினைக்க வேண்டாம். கைத்துப்பாக்கி வாங்கக் காத்திருப்பு நேரம் வேண்டும் என்று மறுவருஷம் வந்ததை வீட்டோ போட்டார்.

வீட்டோ! அந்தக் கதைக்குத் தனி அறையே வேண்டும். இவருக்கு முன்னால் சாதனை ஹோவர்டு டீனுடையது. பதினோரு வருஷத்துக்கு மேல் கவர்னராக இருந்து சுமார் இருபது. ஸ்காட் 2024 நடுவிலேயே ஐம்பதைத் தாண்டிவிட்டார். மிதவாதி என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டும் பொம்மை என்று நினைப்பவர்கள் இந்த எண்ணிக்கையை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்க்கலாம். அவருடைய மிதவாதம் பெரும்பாலும் ‘வேண்டாம்’ என்ற சொல்லில்தான் வெளிப்படுகிறது, அதுவும் குரலை உயர்த்தாமல்.

எதற்கு இத்தனை வேண்டாம்? அவரிடம் ஆரம்பத்தில் ஒரு மந்திரம் இருந்தது: 6-3-1. மாநிலத்தில் நாளொன்றுக்கு ஆறு தொழிலாளர் குறைகிறார்கள், மூன்று மாணவர் குறைகிறார்கள், போதைப்பொருள் பாதிப்போடு ஏறக்குறைய ஒரு குழந்தை பிறக்கிறது என்று அர்த்தம். ஊர் கிழடாகிறது, பிள்ளைகள் வெளியூர் போகிறார்கள், மிஞ்சியிருப்பவர் தலையில் வரி ஏறுகிறது. ஆகவே கட்டுப்படியாகிற விலைவாசி, வளர்கிற பொருளாதாரம், நலிந்தவர்க்குப் பாதுகாப்பு என்று மூன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார். கேட்டுக் கேட்டு நிருபர்களுக்குக் கனவிலும் வரும். இந்தக் கவலையில்தான் 2018-இல் வெளி மாநிலக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்பவர் வெர்மான்ட்டுக்குக் குடிவந்தால் 10,000 டாலர் வரை தருகிறோம் என்ற திட்டத்துக்குக் கையெழுத்திட்டார். கொரோனாவுக்கு முன்னால், ‘வொர்க் ஃப்ரம் ஹோம்’ எல்லார் வாயிலும் விழாத காலத்தில்!

வீட்டோ போட்டாலும் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் சேர்ந்தால் அதைத் தூக்கி எறிந்துவிடலாம். 2020 பிப்ரவரிக்குப் போனால் நகம் கடிப்பீர்கள். சம்பளத்தோடு குடும்ப விடுப்பு என்ற மசோதாவை ஸ்காட் வீட்டோ போட்டிருந்தார். பிரதிநிதிகள் அவையில் எண்ணினார்கள்: 99-க்கு 51. வேண்டியது 100. ஒரே ஒரு ஓட்டில் கவர்னர் பிழைத்தார். அதே மாதக் கடைசியில் குறைந்தபட்சக் கூலி மசோதா. எண்ணினார்கள்: சரியாக 100. கவர்னர் கவிழ்ந்தார். கேன்டீனில் அன்றைக்கு எப்படிச் சாப்பாடு இறங்கியிருக்கும்?

பிறகு 2022 தேர்தலில் ஜனநாயகக் கட்சியும் அதன் இடதுபக்கத் தோழமையான முற்போக்குக் கட்சியும் கூட்டாகப் பலத்தைப் பெருக்கிக்கொள்ள, ஸ்காட்டின் வீட்டோக்கள் காகிதமாகின. 2023-இல் வீடுகளைச் சூடாக்கும் எரிபொருள் பற்றிய சட்டத்தின் மீதான வீட்டோ போனது, பட்ஜெட் வீட்டோவும் போனது. 2024 ஜூனில் ஒரே நாளில் ஆறு வீட்டோக்களை வரிசையாகத் தூக்கி எறிந்தார்கள். அதில் ஒன்று சராசரியாக 13 சதவீதத்துக்கு மேல் சொத்துவரியை ஏற்றுகிற பள்ளி நிதி மசோதா.

இங்கே ஸ்காட்டுக்கு வக்காலத்து வாங்க எனக்கு இஷ்டமில்லை. ‘வேண்டாம் என்கிறார், சரி, வேண்டியது என்ன என்று நேரத்தோடு சொல்வதில்லை’ என்பது எதிர்த்தரப்பின் நெடுநாள் புகார். அதில் நியாயம் இருக்கிறது. சொந்தக் கம்பெனி விவகாரமும் உண்டு. கவர்னர் ஆனதும் தம் பங்கை அதே கம்பெனிக்கு சுமார் 25 லட்சம் டாலருக்கு விற்றார், பணம் தவணை முறையில். அந்தக் கம்பெனி அரசாங்க வேலைகளும் எடுக்கும். கவர்னருக்குத் தவணை கட்டுகிறவர்கள் அரசாங்கத்திடம் காண்டிராக்ட் வாங்குவதா என்று கேள்வி எழுந்தது. நெறிமுறைக் குழு 2018-இல் தவறு என்று கருத்துச் சொன்னது, மறுவருஷம் அதையே திரும்பப் பெற்றுக்கொண்டது. இந்த இடத்தில் கவர்னர், நெறிமுறைக் குழு என்று இரண்டு தரப்புமே பார்க்க லட்சணமாக இல்லை.

குசும்பும் உண்டு ஆசாமிக்கு. 2024 ஏப்ரல் 30. கல்விச் செயலாளராக அவர் முன்மொழிந்த ஸோயி சாண்டர்ஸை செனட் 19-க்கு 9 என்று நிராகரித்தது. செனட்டர்கள் இருக்கையிலிருந்து எழுந்தார்களோ இல்லையோ, சில நிமிஷத்தில் அறிவிப்பு வந்தது: இடைக்காலக் கல்விச் செயலாளராக ஸோயி சாண்டர்ஸ் நியமனம்! வழக்கு வரைக்கும் போனது. இதையும் மிதவாதம் என்று அழைப்பதா என்பதை அந்தப் பத்தொன்பது பேரிடம் கேட்க வேண்டும்.

ஆனால் பாருங்கள், கொரோனா காலத்தில் இதே கவர்னர் தரப்பும் சட்டமன்றத் தரப்பும் ஒரே குரலில் பேசின. வாரத்தில் பலமுறை நிருபர் கூட்டம். பக்கத்தில் சுகாதார ஆணையர் மார்க் லெவின், அட்டவணைகளோடு. ஸ்காட் நான் சொல்கிறேன் கேளுங்கள் என்று கிளம்பாமல், டாக்டர் சொல்வார் என்று நகர்ந்துகொள்வார். தடுப்பூசிக்குத் தகுதியுள்ளவர்களில் 80 சதவீதம் பேர் போட்டுக்கொண்டால் எல்லாக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். 2021 ஜூன் 14 அன்று அந்தக் கோட்டை முதலில் தொட்ட மாநிலம் வெர்மான்ட். அன்றைக்கே எடுத்தார்.

சொந்தக் கட்சிக்குள் என்ன பேச்சு? அதுதான் ருசி. 2020-இல் ஓட்டுச் சாவடியிலிருந்து வெளியே வந்து, பைடனுக்குப் போட்டேன் என்று நிருபர்களிடம் சொன்னார். குடியரசுக் கட்சி கவர்னர்! 2021 ஜனவரி 6 அன்று வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தில் கலவரம் நடந்தபோது, ட்ரம்ப் ராஜினாமா செய்ய வேண்டும் அல்லது நீக்கப்பட வேண்டும் என்றார். 2024-இல் யாருக்குப் போட்டார் தெரியுமா? கமலா ஹாரிஸுக்கு. மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரத்தில் பூர்வீகம் உள்ள பெண்மணிக்கு, தண்டர் ரோட்டு டிரைவரின் ஓட்டு.

வாக்காளர்களும் அவரைப் போலவே கலந்துகட்டி அடிக்கிறார்கள். 2024-இல் ஹாரிஸுக்கு நூற்றுக்கு 63 பேர், ஸ்காட்டுக்கு 73 பேர். கூட்டிப் பாருங்கள், நூற்றில் முப்பதுக்கும் மேற்பட்டோர் ஒரே சீட்டில் இரண்டு பெயரையும் குறித்திருக்கிறார்கள். இடதுசாரியான பெர்னி சாண்டர்ஸை அமெரிக்க செனட்டுக்கு அனுப்புகிற கைகளும் இவைதான். விசித்திரம் என்று தோன்றினால் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்ட வேண்டும். 1856 முதல் 1960 வரை எல்லா ஜனாதிபதித் தேர்தலிலும் குடியரசுக் கட்சிக்கே போட்ட மாநிலம் இது. 1964-இல்தான் முதன்முதலாக மாறியது. ஆள் பார்த்துப் போடும் பழக்கம் கட்சி மாறிய பிறகும் போகவில்லை. பதவியில் இருக்கும் கவர்னரைத் தோற்கடித்தது கடைசியாக 1962-இல்.

நெடுநாள் ஒரு குறை இருந்தது. ஸ்காட் ஜெயிப்பார், அவர் கட்சி தோற்கும். தம் செல்வாக்கைத் தமக்கு மட்டுமே வைத்துக்கொள்கிறார் என்று கட்சிக்காரர்கள் முணுமுணுப்பார்கள். அந்தச் சொத்துவரி ஏற்றத்துக்குப் பிறகு வந்த 2024 தேர்தலில் மனிதர் மற்ற வேட்பாளர்களுக்காகவும் களமிறங்கினார். செனட்டின் 30 இடங்களில் குடியரசுக் கட்சிக்கு 13. வீட்டோவைத் தூக்கி எறியும் பலம் மறுதரப்பின் கையைவிட்டுப் போயிற்று. துணை கவர்னராக வந்த ஜான் ராட்ஜர்ஸ் முன்னாள் ஜனநாயகக் கட்சிக்காரர். கேன்டீன் வரிசையில் திடீரென்று எல்லோரும் எல்லோரையும் விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

விளைவு 2025 ஜூலை 1 அன்று கையெழுத்தான பள்ளிக்கல்விச் சட்டம். 6.4 லட்சம் பேர் வாழும் மாநிலத்தில் 119 பள்ளி மாவட்டங்கள். அவற்றை ஒன்றிணைத்துப் பெரிதாக்குவது, பள்ளிச் செலவுக்கு மாநிலம் முழுக்க ஒரே சூத்திரம் கொண்டுவருவது என்று நோக்கம். அவைத் தலைவர் ஜில் க்ரோவின்ஸ்கியும் செனட் தலைவர் ஃபில் பரூத்தும் ஜனநாயகக் கட்சிக்காரர்கள். அவர்களும் ஸ்காட்டும் சேர்ந்து தள்ளினார்கள். எதிர்த்தவர்களும் இரண்டு பக்கமும் இருந்தார்கள். எந்த ஊர்ப் பள்ளி எதோடு சேரும் என்ற வரைபடம் மட்டும் சட்டத்தோடு வரவில்லை. நாற்பது பிள்ளைகள் படிக்கிற மலைக் கிராமத்துப் பள்ளியை மூடலாம் என்று வாய் திறந்து பாருங்கள், படிக்கட்டில் நின்ற ஆரஞ்சுக் கூட்டம் சாதுவாகத் தெரியும். என் கணக்கில் ஸ்காட்டின் பேர் நிற்பதும் விழுவதும் துப்பாக்கியில் இல்லை, கஞ்சாவில் இல்லை, இதில்தான்.

வெர்மான்ட்டில் கவர்னர் பதவிக்காலம் இரண்டே வருஷம். அப்படி வைத்திருக்கும் மாநிலங்கள் அமெரிக்காவில் இரண்டுதான், மற்றது பக்கத்து நியூ ஹாம்ப்ஷர். ஆகவே தேர்தல் வருஷம் பிறந்தால் போதும், நிருபர்கள் மறுபடி நிற்பீர்களா என்று ஆரம்பித்துவிடுவார்கள். சட்டமன்றக் கூட்டம் முடியட்டும் என்பார் ஸ்காட். ஜனவரியில் கேட்டாலும் அதே பதில், ஏப்ரலில் கேட்டாலும் அதே பதில். மே மாதம் வரை எல்லோரையும் காக்க வைத்துவிட்டு, ஒரு நாள் அறிக்கை அனுப்புவார்.